நாலு கோர் வேண்டுமா, கிராஃபிக்ஸ் வேண்டுமா: இது என்ன கேள்வி?

ஒரு சின்னப் பெட்டி வாங்க இவ்வளவு மண்டை காய வேண்டுமா? மூன்று ராத்திரியாக ஆப்பிளின் குட்டி டெஸ்க்டாப் கம்ப்யூட்டரான 2011 மேக் மினியின் சாதாரண மாடலையும் சர்வர் மாடலையும் அக்கம்பக்கம் வைத்துப் பார்க்கிறேன். கண்ணும் எரிகிறது, வயிறும் எரிகிறது.

சாதாரண மாடலில் விலை கூடினதை எடுத்தால் 2.5 கிகாஹெர்ட்ஸ் ஐ5 ப்ராசஸர், அதற்குள் இரண்டே கோர், அதாவது வேலை செய்யும் மூளை இரண்டுதான். ஆனால் ரேடியான் எச்டி 6630எம் என்ற தனி கிராஃபிக்ஸ் சிப் உண்டு. சர்வர் மாடலில் நாலு கோர் ஐ7, 7200 ஆர்பிஎம்மில் சுற்றும் 500 ஜிபி டிஸ்க் இரண்டு. கிராஃபிக்ஸ் மட்டும் இன்டெல் சிப்போடு ஒட்டி வரும் எச்டி 3000. நாலு கோரும் தனி கிராஃபிக்ஸும் சேர்ந்து வேண்டுமென்றால் கிடையாது. காசு கூடத் தருகிறேன் என்றாலும் கிடையாது! சாதாரண மாடலிலேயே ஐ7 போட்டுக்கொள்ளலாம் என்றார்களே என்று ஆசையாகப் பார்த்தேன். அந்த ஐ7-க்கும் இரண்டு கோர்தான். ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்தால் வாங்குகிறவன் என்னதான் செய்வான்?

என் வேலை வீடியோ எடிட்டிங். முடித்த வீடியோவை ஒரே ஃபைலாக மாற்ற எக்ஸ்போர்ட் கொடுத்தால் இருக்கிற கோர் எல்லாம் மூச்சுப் பிடித்து ஓடும், அப்போது நாலும் வேண்டும். அதே வீடியோவில் இரண்டு எஃபெக்ட் போட்டு டைம்லைனை ஓட்டினால் படம் விக்கி விக்கி நகரும், அப்போது கிராஃபிக்ஸ் வேண்டும். இரண்டும் ஒரே ஆள் ஒரே நாளில் செய்கிற வேலை.

கடையில் கேட்டால், "சர்வரா? வீட்டுக்கு எதுக்கு சார் அது?" என்கிறார் விற்பனையாளர். எனக்கும் சர்வர் வேண்டாம் ஐயா, அதற்குள் இருக்கும் ப்ராசஸர்தான் வேண்டும்! சர்வர் மென்பொருளை 2011-ல் ஆப் ஸ்டோரில் தனியாகவே விற்றார்கள், அந்த வருஷத்து மேக் இயங்குதளமான லயன் ஓடும் எந்த மேக்கிலும் போட்டுக்கொள்ள முடிந்தது. அப்புறம் பெட்டிக்கு எதற்கு அந்தப் பெயர்? நிஜ சர்வர்களில் இருக்கும், பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஈசிசி மெமரி இதில் இல்லை. ஒன்று போனால் கைகொடுக்க இன்னொரு பவர் சப்ளை இல்லை. நெட்வொர்க் போர்ட்டும் ஒன்றே ஒன்றுதான்.

எல்லாவற்றையும்விட ஆத்திரம் வந்தது, நண்பன் தன் சாதாரண மாடலைப் பிரித்துக் காட்டியபோதுதான். 2009-ல் சர்வர் மாடல் வந்தபோது டிவிடி டிரைவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டாவது டிஸ்க்கை வைத்தார்கள். சரி, நியாயம். இந்த முறை சாதாரண மாடலிலிருந்தும் டிவிடியைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த இடத்தில் என்ன இருக்கிறது? காற்று. இன்னொரு டிஸ்க் கச்சிதமாக உட்காரும், போர்டில் அதற்கான சாக்கெட்கூட இருக்கிறது. இல்லாதது ஒரு சின்ன கேபிள். அந்த வெற்றிடத்தில் விரலை விட்டுப் பார்த்தேன், சுருக்கென்று கோபம் வந்தது.

கடைசியில் சர்வரைத்தான் எடுக்கப் போகிறேன். எக்ஸ்போர்ட் முடியட்டும் என்று விடிய விடிய உட்கார்ந்திருக்க இனி என்னால் முடியாது. டைம்லைன் விக்கும், தெரிந்தேதான் வாங்குகிறேன். வேறு வழி எங்கே வைத்திருக்கிறார்கள்?