அப்பாவின் சம்பளத்தையும் கணக்கில் எடுத்தவர்

குழந்தைப்பேறு தள்ளிப்போவது, குறைவான குழந்தைகள், தாய்ப்பால் கொடுக்காமல் விடுவது எல்லாம் மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் என்று டாக்டர்கள் இன்றைக்குச் சொல்கிறார்கள். இந்தத் தொடர்புகளைக் கணக்கு போட்டுக் காட்டிய முன்னோடி ஜேனட் லேன்-கிளேப்பன். 1877இல் இங்கிலாந்தில் பிறந்தவர். பொதுச் சுகாதாரம் படித்தவர்களைத் தவிர இவர் பெயரைத் தெரிந்தவர்கள் குறைவு. எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு.

உடலியங்கியலில்தான் ஆரம்பித்தார். ‘ஹார்மோன்’ என்ற சொல்லை 1905இல் அறிமுகப்படுத்திய ஸ்டார்லிங்குடன் சேர்ந்து, முயல்களில் பால்சுரப்பி எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்தார். அப்புறம் மருத்துவப் பட்டமும் வாங்கினார்.

என்னை அசர வைத்தது அவருடைய 1912ஆம் வருட அறிக்கை. பெர்லினில் குழந்தை நல மையங்களுக்கு வந்த தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளின் எடையைப் பதிவேட்டில் குறித்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து தாய்ப்பால் குடித்த 300 குழந்தைகளையும், காய்ச்சிய பசும்பால் குடித்த 204 குழந்தைகளையும் எடுத்து ஒப்பிட்டார். தாய்ப்பால் குடித்தவர்களுக்கு எடை நன்றாக ஏறியிருந்தது.

வேறு யாராவது என்றால் இதோடு முடித்து, தாய்ப்பாலே சிறந்தது என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் தன் முடிவையே சந்தேகப்பட்டார். பிறந்த முதல் நாட்களில் குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு. அங்கே தெரியும் வித்தியாசம் தற்செயலாக வந்ததாக இருக்கலாமே? கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த காசெட், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908இல் வெளியிட்ட டி-சோதனையை, அதாவது எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது வித்தியாசம் தற்செயலா என்று கணக்கிடும் முறையை, எடுத்துப் போட்டுப் பார்த்தார். நான்கே வருடம் ஆன புத்தம்புது முறை அது!

அதோடும் விடவில்லை. பசும்பால் குடித்த குழந்தைகளின் வீட்டில் வறுமை அதிகமாக இருந்து, எடை குறைந்ததற்கு அதுவே காரணமாக இருந்தால்? அப்பாக்களின் சம்பளத்தை எடுத்து எடையோடு பொருத்திப் பார்த்தார். அந்த வித்தியாசத்துக்குச் சம்பளம் காரணமில்லை என்று தெரிந்த பிறகுதான் பாலைப் பற்றிப் பேசினார். உடம்பு, நோயாளியின் வீடு, எண்கள் மூன்றும் ஒரே ஆளுக்குப் புரிந்திருந்ததால்தான் இப்படிக் கேட்க முடிந்தது என்பது என் கருத்து. நல்ல மருத்துவ ஆராய்ச்சிக்கு இந்தப் பிடிவாதம்தான் உயிர்.

1926இல் மார்பகப் புற்றுநோய் வந்த 500 பெண்களிடமும், அந்த நோய் இல்லாத 500 பெண்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுத் தொகுத்தார். எப்போது கல்யாணம், எத்தனை குழந்தைகள், பால் கொடுத்தீர்களா. புகைபிடித்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்து பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் டாலும் ஹில்லும் 1950இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதே வழியில் வந்ததுதான். லேன்-கிளேப்பனின் தரவுகளை 2010இல் நவீன முறைகளில் மறுபடி கணக்கிட்டார்கள். அவர் கண்ட தொடர்புகள் அப்படியே நின்றன.

இப்படிப்பட்டவருக்கு 1929இல் திருமணம் ஆனது. மணமான பெண்கள் அரசுப் பணியில் தொடரக் கூடாது என்பது அன்றைய பிரிட்டிஷ் விதி. ஆராய்ச்சி அதோடு நின்றது. 1967 வரை உயிரோடு இருந்தார். அந்த 38 வருடங்களை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

மருத்துவ மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதும் முன், அந்த 300, 204 குழந்தைகளின் கதையைச் சொல்லுங்கள். அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று மாணவர்களையே கேளுங்கள். சம்பளம் என்று யாராவது ஒருவர் சொல்லும்வரை விடாதீர்கள்.