நிலம் மலிவுதான், பத்திரம் யார் பெயரில்?
"இந்தோனேசியாவின் சும்பா தீவில் கடலோர நிலம் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது, இப்போதே வாங்கிப் போடுங்கள்" என்கிறது ஒரு கட்டுரை. சரி, யார் பெயரில் வாங்குவது? அதைச் சொல்லவே இல்லையே! இந்தோனேசியாவின் 1960 நிலச் சட்டப்படி 'ஹாக் மிலிக்' எனப்படும் முழு உரிமை, தனிநபர்களில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். உள்ளூர்க்காரர் பெயரில் பினாமியாக வாங்கினால் அந்தக் கைமாற்றம் செல்லாது, போட்ட பணமும் திரும்பாது. வெளிநாட்டவருக்கு உள்ள வழி குத்தகை, அல்லது அங்கே தங்கும் அனுமதியோடு முதலில் 30 ஆண்டுக்குத் தரப்படும் பயன்பாட்டு உரிமை. இதைவிடப் பெரிய சிக்கல், சும்பாவில் நிறைய நிலம் குலத்துக்குப் பொதுவானது. ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிவிடுவார், அப்புறம் பங்காளிகள் ஒவ்வொருவராக வருவார்கள். ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் தாராளமாகப் போகலாம். பாலியிலிருந்து சும்பாவில் உள்ள தம்போலாகாவுக்கு விமானம் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் குதிரை மேலிருந்து ஈட்டி எறியும் பசோலா சடங்கு நடக்கும். தேதியை மராபு என்ற உள்ளூர்ச் சமயத்தின் பூசாரிகள்தான் குறிப்பார்கள், அதனால் திரும்பும் டிக்கெட்டை இறுக்கமாகப் போடாதீர்கள். மலேரியா உள்ள தீவு, கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.