பச்சை வட்டத்துக்குத்தான் சம்பளமா?

அந்தப் படத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இதுவரை பேசாமல் இருந்தேன். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பாதிப் பேர் பகிர்ந்தும்விட்டீர்கள். ஒரு மேலாளர் போட்ட படம்: ஊழியரின் மேசைமேல் மெல்லச் சுழலும் ஒரு தட்டு, அதன்மேல் மவுஸ் (ஆள் தொடாமலே மவுஸை அசைத்து, வேலை நடப்பதுபோல் காட்டும் கருவி), கூடவே அவருடைய பெருமிதம்: “கையும் களவுமாகப் பிடித்தேன்.” வங்கிக் கொள்ளையைத் தடுத்துவிட்டவரின் தோரணை. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் என் நெடுநாள் நண்பர்களும் இருக்கிறார்கள். எரிச்சல் அங்கேதான் தொடங்கியது.

சொல்ல வந்தது ஒன்றுதான். மவுஸ் அசைவது வேலை அல்ல. அதை வேலை என்று முதலில் சொன்னது அந்த ஊழியர் அல்ல, நிர்வாகம்.

இந்தப் பச்சை வட்டம் எப்படி வருகிறது என்று தெரியாதவர்களுக்காக: கணினியில் ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் டீம்ஸ் என்ற அலுவலக அரட்டைச் செயலியில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில், ஆள் வேலையில் இருப்பதாகக் காட்டும் பச்சை வட்டம் மஞ்சளாகிவிடும். கடைசியாக எப்போது விசையை அழுத்தினீர்கள், எப்போது மவுஸை நகர்த்தினீர்கள் என்பதுதான் அதற்குத் தெரியும். நீங்கள் யோசித்தீர்களா, உறங்கினீர்களா என்பது தெரியாது. கண்காணிப்பு மென்பொருள்கள் இன்னும் ஒரு படி மேலே போய் அவ்வப்போது திரையைப் படமெடுக்கின்றன, எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று கணக்கெழுதுகின்றன. ஆனால் ‘செயலற்ற நேரம்’ என்று அறிக்கையில் வருகிறதே, அது பெரும்பாலும் இந்தக் கை அசைவுக் கணக்குத்தான்.

தகவல் பாதுகாப்பு, பணியிட நன்னடத்தை என்று நிறுவனமே கட்டாயமாகப் பார்க்கச் சொல்லும் பயிற்சி வீடியோக்கள் இருக்கின்றன அல்லவா? கைகட்டி உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்தால் மஞ்சள். அதை ஒரு பக்கம் ஓடவிட்டு இன்னொரு ஜன்னலில் சீட்டு விளையாடினால் பச்சை. விடைத்தாளைப் புரட்டாமல், தேர்வறையில் யாருடைய பேனா எத்தனை முறை ஆடியது என்று எண்ணி மதிப்பெண் போடும் ஆசிரியரை எந்தப் பெற்றோராவது ஏற்றுக்கொள்வார்களா?

என் வேலை கணக்குச் சரிபார்ப்பது. நீண்ட பட்டியலைத் திரையில் பார்த்தால் எனக்குக் கண் வழுக்கிவிடும். அச்செடுத்து, வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து, சரியானதற்கு ஒரு டிக், சந்தேகத்துக்கு ஒரு சுழி என்று பென்சிலால் குறித்துக்கொண்டே இறங்குவேன். அப்படி ஒரு மதியம், ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போயிருந்ததைப் பிடித்தேன். இரண்டாவது பதிவில் பில் எண்ணுக்கு நடுவே ஒரு சிறு கோடு கூடுதலாக இருந்தது. மென்பொருளுக்கு அவை இரண்டும் வேறு வேறு எண்கள், அதனால் விட்டுவிட்டது. கடிதம் எழுதிப் பணத்தைத் திரும்பப் பெற்றோம். நன்றி என்று யாரும் சொல்லவில்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அந்த மாத அறிக்கையில் அதே மதியத்துக்கு நேராக என் பெயரில் ஒரு சிவப்புப் பட்டை!

மேலாளர் மரியாதையாகத்தான் கேட்டார். “அன்றைக்கு மதியம் எங்கே போயிருந்தீர்கள்?” காகிதக் கட்டைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “எனக்குப் புரிகிறது, ஆனால் சிஸ்டத்தில் அப்படித்தானே வருகிறது” என்றார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அடிக்கோல் வைத்துப் பார்க்கச் சொன்னவரும் அவர்தான்.

அன்றிலிருந்து வலது கையில் பென்சில், இடது கையில் மவுஸ். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதைச் சும்மா ஒரு தள்ளு தள்ளுவேன். அப்போது அடிக்கோல் நழுவும், எந்த வரியில் இருந்தேன் என்று மறுபடி தேடுவேன். வேலை முன்பைவிட மெதுவாக நடக்கிறது, அறிக்கையோ முன்பைவிட அழகாக இருக்கிறது. அந்தச் சுழலும் தட்டு செய்வதைத்தான் என் இடது கையும் செய்கிறது. அது மோசடி என்றால் இது என்ன? சதையும் எலும்பும் இருப்பதால் நேர்மையாகிவிடுமா?

இப்போது வருவீர்கள், தெரியும். “வேலையே செய்யாமல் ஏமாற்றுபவர்கள் இல்லையா?” இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க வேலையைப் பார்த்தால் போதும். ஒப்படைக்க வேண்டியது வந்ததா, சரியாக இருந்ததா, நேரத்துக்கு வந்ததா? ஒருவர் மாதக்கணக்கில் எதையும் செய்யவில்லை, அது மவுஸைப் பார்த்துத்தான் தெரியவந்தது என்றால் அங்கே முதலில் விசாரிக்க வேண்டியது மேலாளரை. அந்தப் பெருமிதப் பதிவை மறுபடியும் போய்ப் படித்தேன். அந்த ஊழியரின் வேலை முடியவில்லை என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. முடித்திருந்தாரா என்று கேட்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“கணினி நிறுவனத்துடையது, நேரமும் நிறுவனத்துடையது.” கணினி பற்றிச் சொல்வது நியாயம். அதில் என்ன செருகுகிறார்கள் என்று பார்க்க நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு. அதனால்தான் அந்தக் கருவியை வாங்குங்கள் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். யுஎஸ்பியில் செருகும் வகை தன்னை மவுஸ் என்று அறிமுகப்படுத்திக்கொண்டாலும் தயாரிப்பாளர் எண்ணைக் கூடவே விட்டுவிட்டுப் போகும். மென்பொருள் வகை இயங்கும் நிரல்களின் பட்டியலில் நிற்கும். தட்டு வகை கணினியைத் தொடுவதில்லை, ஆனால் மணிக்கணக்கில் மவுஸ் மட்டும் ஓடி ஓர் எழுத்துகூடத் தட்டப்படாமல், திரையை எடுத்த படங்களெல்லாம் ஒன்றுபோல இருந்தால் அதுவும் காட்டிக்கொடுத்துவிடும். 2024-ல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை இயங்குவதுபோல் போலியாகக் காட்டினார்கள் என்று பத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையைவிட்டு அனுப்பியது. அனுப்ப முடியும், அனுப்புவார்கள். அதை நான் மறுக்கவில்லை. அந்த நிலைக்கு ஆளைத் தள்ளியது எது என்றுதான் கேட்கிறேன்.

“பிடிக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிடுங்கள்.” ஆகட்டும். வீட்டுக் கடன் தவணையை நீங்கள் கட்டிவிடுங்கள்.

சட்டம் எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனம் இதே வேலையைச் செய்தது. மூன்று முதல் பதினைந்து நிமிடம் வரை விசையோ மவுஸோ அசையவில்லை என்றால் செயலற்ற நேரம். ஈடுகட்டாவிட்டால் சம்பளத்தில் கை வைக்கலாம். அந்நாட்டுத் தனியுரிமை ஆணையமான சிஎன்ஐஎல் 2024 டிசம்பரில் அந்த நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் போட்டது. தொலைபேசியில் பேசுவதும் கூட்டத்தில் இருப்பதும் வேலையாக இருக்கலாம், கணினியைத் தொடாத நேரத்தை வேலை செய்யாத நேரம் என்று கொள்ள முடியாது என்பதுதான் சாரம். நான் காகிதக் கட்டோடு போய் நின்று சொன்னதும் இதைத்தான்.

இது புதிய சண்டையும் அல்ல. வேலையின் ஒவ்வோர் அசைவையும் நேரம் பிடித்து அளக்கும் ஃபிரெடரிக் டெய்லரின் நிர்வாக முறை கொடிகட்டிப் பறந்த காலத்தில், 1911-ல், அமெரிக்காவின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வார்ப்புத் தொழிலாளிக்குப் பின்னால் ஸ்டாப்வாட்சோடு ஓர் ஆளை நிறுத்தினார்கள். தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. தளவாடத் தொழிற்சாலைகளில் ஸ்டாப்வாட்ச் வைத்துத் தொழிலாளியை அளக்க அரசுப் பணம் செலவழிக்கக் கூடாது என்று 1915-ல் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்த ஸ்டாப்வாட்ச்காரராவது கண்ணெதிரே நின்றார். திரும்பி முறைக்கவாவது முடிந்தது.

என்னோடு வேலை செய்யும் ஒருவர் கழிப்பறைக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போகிறார். கை கழுவும் தொட்டியின் ஓரத்தில், தண்ணீர் தெறிக்காத பக்கமாக வைத்துவிட்டு உள்ளே போகிறார், வெளியே வந்ததும் ஈரக் கையோடு ஒரு விசையைத் தட்டுகிறார். வயதில் என்னைவிட மூத்தவர். கண்டும் காணாததுபோல நாங்கள் எல்லோரும் கடந்துவிடுகிறோம். அந்தத் தட்டுப் படத்துக்குச் சிரித்த நண்பர்களே, இதற்கும் சிரியுங்கள் பார்க்கலாம்.

மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் இரவுகளில் நாங்கள் விழித்திருப்பது எந்த அறிக்கையிலும் பாராட்டாக வந்ததில்லை. அப்போதும் வட்டம் பச்சையாகத்தான் இருக்கும். அந்தப் பச்சைக்கு மட்டும் விலை இல்லை. பகலில் ஐந்து நிமிட மஞ்சளைக் கண்டுபிடிக்கும் கண் நள்ளிரவுப் பச்சையை எப்படிக் காணாமல் விடுகிறது? கண்காணிப்பு என்றால் முழுதாகக் கண்காணியுங்கள். நான் உட்கார்ந்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டுங்கள், கூடுதல் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். அங்கே மட்டும் “நாம் ஒரு குடும்பம்” என்கிறார்கள். குடும்பத்தில் யார் யாருக்குச் சிவப்புப் பட்டை போடுகிறார்கள்?

இன்னொன்று. மேலாளர்களின் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் ‘கூட்டத்தில்’ என்று இருக்கும். கூட்டத்தில் என்ன நடந்தது, அதனால் எது முடிந்தது என்று எந்த மென்பொருளும் கேட்பதில்லை. நாட்காட்டியில் கூட்டம் என்று ஒரு கட்டம் போட்டுவிட்டால் போதும், அது மதிப்பு. நான் பென்சிலோடு உட்கார்ந்தால் அது சோம்பல்.

“அப்படியானால் உன் மேசையிலும் ஒரு தட்டு சுழல்கிறதா?” என்று உட்பெட்டியில் கேட்கத் தயாராக இருப்பவர்களுக்கு: இல்லை. இத்தனை வருடம் கணக்கில் ஒரு பைசா பிசகாமல் பார்த்த ஆள், இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாத அறிக்கையில் மேலாளர்களின் செயலற்ற நேரத்தையும் சேர்த்து எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன். ‘பரிசீலிக்கிறோம்’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. யார் பரிசீலிக்கிறார்கள், எந்தத் தேதிக்குள் என்று திருப்பி எழுதியிருக்கிறேன்.