மகளின் சைக்கிளை நாங்கள் விற்கவில்லை

போன செவ்வாய்க்கிழமை இரவு, மகளின் சைக்கிளை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. கேட்டது அவளுடைய அப்பா. அவர் கேட்டதிலும் பிழை சொல்ல முடியாது. முதல் நாள் பின்னேரம் ரியூசன் முடிந்து அவள் வரும்போது, நிலாவெளி வீதியில் ஒரு வானின் பக்கக் கண்ணாடி அவளுடைய ஹாண்டிலில் தட்டியிருக்கிறது. வான் நிற்கவில்லை. பிள்ளை வடிகான் ஓரமாக விழுந்து, முழங்கையில் தோல் உரிந்து, கொப்பியெல்லாம் மண்ணாகி வீட்டுக்கு வந்தாள். வயது பதினைந்து. அழவில்லை. "அம்மா, மட்காட் நெளிஞ்சு போச்சு, ஏசாதீங்க" என்றாள். அந்த ஒரு வசனம் என்னை இரண்டு இரவு தூங்க விடவில்லை. இடித்தவன் தன் பாட்டில் போய்விட்டான், இவள் பிழை தன்னுடையது என்று நினைக்கிறாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலையில் சைக்கிள் பாவனையை ஊக்குவிக்க வேண்டும் என்று யாராவது பேசினால் எனக்கு மனம் ஒரு மாதிரி ஆகிவிடும். இந்த ஊருக்குச் சைக்கிளை யாரும் புதிதாகக் காட்டித் தரத் தேவையில்லை. தொண்ணூறுகளில் நான் படித்த காலத்தில் காலை ஏழு மணிக்கு வீதி முழுக்க வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாகச் சைக்கிள்கள்தான். சோதனைச் சாவடி வந்தால் எல்லோரும் இறங்கி, வரிசையாக உருட்டிக்கொண்டு போய், தாண்டியதும் ஏறி மிதிப்போம். அப்பாவின் சைக்கிளில் முன் பாரைச் சுற்றி ஒரு பழைய துவாய் கட்டியிருக்கும். அது தங்கச்சியின் இடம். பின் கரியரில் நான். ஹாண்டிலில் சந்தைப் பை. உவர்மலை ஏற்றம் வந்தால் மட்டும் நானும் அப்பாவும் இறங்கி நடப்போம், தங்கச்சி மகாராணி மாதிரி மேலேயே இருப்பாள்.

அந்தப் பயமான யுத்த காலத்திலும் அம்மா எங்களைச் சைக்கிளில் தனியாக அனுப்பினார். இன்றைக்குச் சாவடி இல்லை, சுற்றிவளைப்பு இல்லை. இருந்தும் என் பிள்ளையை இரண்டு கிலோமீற்றர் தூரத்துக்கு அனுப்ப எனக்குக் கை நடுங்குகிறது. இதை எப்படி நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொண்டோம் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

ஊரின் அமைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் டச்பே கடல், மறு பக்கம் உட்துறைமுகம், நடுவில் ஒடுங்கிய தரையில் நகரம். உவர்மலையையும் கோணேசர் மலையையும் விட்டால் மற்றதெல்லாம் சமதரை. சந்தை, பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, கச்சேரி, பெரிய பள்ளிக்கூடங்கள், பத்திரகாளி அம்மன் கோயில் என்று ஒரு நாளில் நாங்கள் போய்வரும் இடங்களில் பெரும்பாலானவை மூன்று கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். சைக்கிளுக்கென்றே அளந்து வைத்த ஊர் மாதிரி இருக்கிறது.

வெயிலையும் காற்றையும் நான் மறைக்க மாட்டேன். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது எதிர்க்காற்றில் மிதித்தால் தொண்டை வரண்டு போகும். கார்த்திகை மார்கழியில் மழையும் வாடையும். ஆனால் அதே கச்சானில்தான் எங்கள் அப்பாமார் முப்பது வருடம் வேலைக்குப் போய் வந்தார்கள். அப்போது வீதியோரத்தில் நிழல் இருந்தது என்பதுதான் வித்தியாசம். வீதியை அகலமாக்கும்போது முதலில் போவது மரம். காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொண்டு போகிறவருக்கு அந்த மரம் போனது தெரியாது. சைக்கிளில் போகிறவருக்குத் தலை உச்சியில் தெரியும்.

2022 பொருளாதார நெருக்கடியை எல்லோரும் மறந்துவிட்டோமா? ஜூன் மாதக் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அதுவும் கிடைக்கவில்லை. பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாக எண்ணெய் எடுக்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊரில், நாங்கள் இரவிரவாக வரிசையில் கிடந்தோம். அப்போதுதான் வீடு வீடாகப் பின் விறாந்தையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. நானும் என்னுடைய பழைய லுமாலா சைக்கிளை இழுத்து எடுத்துக்கொண்டு, சந்தியில் சைக்கிள் திருத்தும் ஐயாவிடம் போனேன்.

அந்த ஐயா வேலை செய்வதை நின்று பார்த்திருக்கிறீர்களா? ரியூபை உருவி எடுத்து, காற்றடித்து, பழைய அலுமினியச் சட்டியில் இருக்கும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்த்திச் சுற்றிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் சின்னக் குமிழி வரிசையாக எழும்பும். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "இந்தா பிள்ளை, இதுதான் ஆள்" என்றார். உரைத்தாள் போட்டுத் தேய்த்து, பசை பூசி, வாயால் ஊதிக் காயவைத்து, ஒட்டி, சுத்தியலால் மெல்லத் தட்டினார். பதினைந்து வருடமாகக் கிடந்த சைக்கிளுக்கு அரை மணித்தியாலத்தில் உயிர் வந்தது. அந்த மாதங்களில் அவருக்குச் சாப்பிட நேரம் இல்லை. இன்றைக்கு அதே இடத்தில் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

அந்த மாதங்கள் கஷ்டமானவை, அதில் இரண்டு கருத்து இல்லை. மருந்து இல்லாமல், காஸ் இல்லாமல் பட்டதை யாரும் திரும்ப விரும்ப மாட்டார்கள். ஆனால் பின்னேரங்களில் ஒரு அமைதி வந்தது. அநுராதபுரச் சந்தியில் நின்றால் ஆட்கள் பேசுவது கேட்டது. முன்பின் பேசாத சிங்கள அண்ணாவும் முஸ்லிம் அக்காவும் சைக்கிளில் பக்கத்தில் வந்து, "உங்கட பக்கம் பெற்றோல் வந்ததா?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். வாகனங்கள் திரும்பி வந்ததும் அதுவும் போய்விட்டது.

நெதர்லாந்தைப் பற்றிச் சொன்னால், அது பணக்கார நாடு, அவர்களுக்குச் சைக்கிள் பிறவிப் பழக்கம் என்பார்கள். அப்படி இல்லை. ஐம்பது, அறுபதுகளில் அவர்களும் எங்களைப் போலவே காருக்கு வீதியை விட்டுக்கொடுத்தவர்கள்தான். 1971-இல் மட்டும் அங்கே சுமார் 3,300 பேர் வீதி விபத்தில் இறந்தார்கள். அதில் 400-க்கு மேற்பட்டோர் பிள்ளைகள். தாய் தகப்பன்மார் வீதியில் இறங்கினார்கள். பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்பதுதான் அவர்களுடைய கோஷம். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக்கூடாது என்று அரசாங்கம் சொன்னது. வெறுமையான வீதியைச் சனம் கண்ணால் பார்த்தது. அதற்குப் பிறகுதான் தனிச் சைக்கிள் பாதைகள் பெருகின. எங்களுக்கும் ஒரு நெருக்கடி வந்தது, நாங்களும் வெறுமையான வீதியைப் பார்த்தோம். நெருக்கடி தணிந்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டோம். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியும் திரும்பத் தொடங்கிவிட்டது. இனி இந்தச் சின்ன வீதிகளில் எதை எங்கே வைக்கப்போகிறோம்?

என் சொந்தக் கதையையும் சொல்கிறேன். 2022-க்குப் பிறகு நான் சைக்கிளை விடவில்லை. அலஸ்தோட்டத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கத்தில் வீடு. அலுவலகத்துக்குப் போக 15 நிமிடம், வர 15 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள். மொத்தம் 150 நிமிடம். பெரியவர்கள் கிழமைக்குக் குறைந்தது அவ்வளவு நேரம் உடலை அசைக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதையேதான். எங்கள் வீடுகளில் நாற்பது தாண்டினால் ஆளுக்கொரு கிளினிக் கொப்பி, பிரஷர், சீனி வருத்தம். எனக்கும் எல்லைக்கோட்டில் நின்ற சீனி இறங்கியிருக்கிறது. மாதம் எவ்வளவு மிச்சம் என்று வீட்டுக் கணக்குக் கொப்பியில் எழுதிவைத்திருக்கிறேன், அதில் ரியூசன் காசு போகிறது.

ஆனால் மரியாதை கிடைப்பதில்லை. "என்ன தங்கச்சி, ஸ்கூட்டி வாங்கேலாதா?" என்று எத்தனை பேர் இரக்கப்பட்டுக் கேட்டுவிட்டார்கள். பையன் ஏ.எல். முடித்தவுடன் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுக்காவிட்டால் குறை என்று நினைக்கிறோம். மாதாமாதம் அந்தக் கட்டுக்காசைக் கட்ட முடியாமல் நகை அடகுக்குப் போன வீடுகள் எனக்குத் தெரியும். விடியற்காலையில் கூலி வேலைக்கு மிதித்துப் போகிறவர்கள், பெட்டி கட்டி மீன் விற்கிறவர்கள் இன்றும் சைக்கிளில்தான் போகிறார்கள். வீதி திட்டமிடும் மேசையில் அவர்களுக்குக் கதிரை இல்லை.

சரி, என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். எனக்குப் பெரிதாக எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடங்களைச் சுற்றியுள்ள வீதிகளில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று வைத்து, அதை உண்மையாக நடைமுறைப்படுத்த வேண்டும். இது மிக முக்கியம். 60-இல் வரும் வாகனம் 30-இல் வருவதைப் போல நாலு மடங்கு சக்தியோடு மோதும். அது சாதாரண பௌதிகம், எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறார்கள். எங்கள் ஊரில் மான்கள் நடு வீதியில் படுத்திருக்கும். பஸ் சாரதி கூட ஹோர்ன் அடிக்காமல், அது எழும்பிப் போகும் வரை பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் பொறுமை இந்த ஊருக்கு இருக்கிறது. அதில் பாதியைச் சைக்கிளில் போகும் பிள்ளைக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம் மரம். உட்துறைமுக வீதியிலும் நிலாவெளி வீதியிலும் வேம்பு, மருது வைத்தால் பத்து வருடத்தில் நிழல். சந்தையிலும் ஆஸ்பத்திரியிலும் பூட்டி வைக்க இரும்புக் கம்பித் தாங்கிகள். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுச் சைக்கிளாவது நிற்கும்.

இன்னொன்று, செலவே இல்லாதது. கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் 1974-இலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய வீதிகளை வாகனங்களுக்கு மூடிச் சனத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். இன்று அது 120 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. எங்களுக்கு ஒரு கிலோமீற்றர் போதும். டைக் வீதியையும் டச்பே கடற்கரை ஓரத்தையும் ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை பிள்ளைகளிடம் கொடுத்தால் போதும். அங்கே குடியிருப்பவர்களும் விடுதிக்காரர்களும் போய்வர வழி விட்டே செய்யலாம்.

சைக்கிளை விற்கவில்லை. மட்காட்டை ஐயா தட்டி நிமிர்த்திக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். மகள் இப்போது உள் ஒழுங்கைகளால் சுற்றிப் போகிறாள், பத்து நிமிடம் கூடுதலாக எடுக்கும்.

சபைக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு நானும் மகளும் கோட்டை வாசலில் சைக்கிளோடு நிற்போம். வந்து வாசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் கையெழுத்து வையுங்கள். கன காலமாக எடுக்காத சைக்கிள் என்றால் மெல்ல உருட்டிக்கொண்டே வாருங்கள், காற்றடிக்கிற பம்பை நான் கொண்டு வருகிறேன்.