ஹூவர் மட்டும் அழித்ததல்ல

அமெரிக்கக் கருஞ்சிறுத்தைக் கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான ஹூயி நியூட்டனின் அந்தப் புகைப்படத்தைப் பார்க்காத தோழர்கள் குறைவு. மயில்தோகைபோல விரிந்த பிரம்பு நாற்காலி, தலையில் கருப்புத் தொப்பி, ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் ஈட்டி. 1967இல் எடுத்த படம். இன்றும் பலர் அதை முகப்புப் படமாக வைத்திருக்கிறார்கள். படம் கம்பீரமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கருப்பர்கள் தமக்கான அமைப்பையும் அதிகாரத்தையும் தாமே கட்ட வேண்டும் என்ற அமெரிக்கக் கருப்பினத் தேசியவாதம் ஏன் சரிந்தது என்று பேச்சு வந்தால், அந்த நாற்காலியைத்தான் நான் முதலில் விசாரணைக் கூண்டில் ஏற்றுவேன்.

“எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) அழித்துவிட்டது” என்பது நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கும் பதில். பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி கசக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் இயக்கத்தின் மொத்தப் பாரத்தையும் ஒரே மனிதரின் தலையில் ஏற்றிவைத்தார்கள். அந்தத் தலையைக் குறிவைப்பது அரசுக்குச் சுலபமாகிப்போனது.

மார்கஸ் கார்வியைப் பாருங்கள். ஜமைக்காக்காரர். 1916இல் அமெரிக்கா வந்து, நியூயார்க்கில் கருப்பர்கள் வாழும் ஹார்லெமில் காலூன்றினார். நான்கே ஆண்டுகளில், 1920 ஆகஸ்டில், மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் தன் அமைப்பின் மாநாட்டைக் கூட்டினார். கருப்பினத்தின் சிவப்பு, கருப்பு, பச்சைக் கொடி அந்த மாநாட்டில்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே ‘பிளாக் ஸ்டார் லைன்’ என்ற கப்பல் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். பங்கு ஒன்று 5 டாலர். வீட்டு வேலை செய்த பெண்களும் தினக்கூலிகளும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள். வெள்ளையரின் கப்பலில் அடிமைகளாக ஏற்றிவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் சொந்தமாகக் கப்பல் விடுவது என்றால் சும்மாவா!

கப்பல்கள்தான் உருப்படியில்லை. முதலில் வாங்கிய யார்மத், நிலக்கரி சுமந்து ஓய்ந்துபோன பழைய கப்பல். தகுதிக்கு மீறிய விலை கொடுத்து வாங்கினார்கள். பழுது பார்த்தே பணம் கரைந்தது. 1922இல் கம்பெனி படுத்துவிட்டது. கார்வியை நாடு கடத்த வழி தேடி 1919 முதலே அமெரிக்க நீதி அமைச்சகத்தில் ஓர் இளம் அதிகாரி கோப்பு சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் எட்கர் ஹூவர், பின்னாளில் எஃப்.பி.ஐ.யின் தலைவர். கடைசியில் தபால் மோசடி வழக்கில் மாட்டவைத்தார்கள். அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி என்ன தெரியுமா? ஒரு காலி உறை. கம்பெனியின் முத்திரை பதித்து, பங்கு வாங்கிய ஒருவருக்கு வந்தது. உள்ளே என்ன இருந்தது என்று அவருக்கே நினைவில்லை. அந்த உறையை வைத்து 1923இல் ஐந்தாண்டுத் தண்டனை. 1927இல் விடுவித்து நாடு கடத்தினார்கள். 1940இல் லண்டனில் இறந்தார். அதிபர் பைடன் தன் பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய நாள், 2025 ஜனவரி 19 அன்று, அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

வழக்கு அநியாயமானது. அதற்காகக் கார்வியின் நிர்வாகத்தை நியாயப்படுத்த முடியாது. 1922இல் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் தலைவர் ஒருவரையே நேரில் சந்தித்துப் பேசிவிட்டு வந்தார். இரு தரப்பும் இனக் கலப்பை எதிர்ப்பதால் பேசலாமாம்! அவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் யாருக்கும் இருக்கவில்லை. அவர் போனதும் அமைப்பு துண்டு துண்டானது.

பின்னால் வந்த கருப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் தந்தை கார்வியின் தொண்டர் என்பதை மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறேன். மால்கமைப் பற்றி எழுதத் தனிப் பதிவே வேண்டும்.

அறுபதுகளில் ஏன் மீண்டும் நெருப்பு பிடித்தது? வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்தானது. ஐந்தே நாளில் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதி பற்றி எரிந்தது. 34 பேர் இறந்தார்கள். சட்டம் தெற்கின் வாக்குச்சாவடியைத் திறந்துவிட்டது. வடக்கிலும் மேற்கிலும் இருந்த நகரத்துக் கருப்பர்களுக்கு வாக்கு ஏற்கெனவே இருந்தது. வேலையும் நல்ல வீடும் இல்லை, தெருவில் போலீஸ் தொல்லை தீரவில்லை. அந்தக் கோபத்திலிருந்துதான் 1966 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள்.

துப்பாக்கியோடு போலீஸைப் பின்தொடர்ந்தார்கள். அன்றைய கலிஃபோர்னியாவில் அது சட்டப்படி செல்லும். உடனே சட்டத்தை மாற்றினார்கள், கையெழுத்திட்டவர் ஆளுநர் ரீகன். துப்பாக்கிக்கு அரசிடம் பதில் இருந்தது. 1969 ஜனவரியில் செயின்ட் அகஸ்டின் தேவாலயத்தில் தொடங்கிய காரியத்துக்குத்தான் பதில் இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு. விடியும் முன் எழுந்து அடுப்பு மூட்டி, முட்டையும் ரொட்டியும் பாலும் வைத்துப் பிள்ளைகளை அனுப்பிவைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்டு முடிவதற்குள் பல நகரங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சாப்பிட்டார்கள். கட்சியின் எல்லாச் செயல்களிலும் இதுதான் பெரிய ஆபத்து என்று ஹூவர் தன் அலுவலகங்களுக்கு எழுதினார். எதிரி சரியாகப் படித்திருக்கிறான்!

அதே ஹூவரின் 1968 மார்ச் குறிப்பு ஒன்று உண்டு. கருப்பினத் தேசிய இயக்கத்தை ஒன்றாக்கக்கூடிய ‘மீட்பர்’ எவரும் எழாமல் தடுக்க வேண்டும் என்பது அதில் ஓர் இலக்கு. 1969 டிசம்பர் 4 அதிகாலையில் சிகாகோவில் கட்சியின் இல்லினாய்ஸ் கிளைத் தலைவர் ஃப்ரெட் ஹாம்ப்டனை அதன்படியே முடித்தார்கள். வயது 21. படுக்கை எங்கே இருக்கிறது என்பதுவரை வீட்டின் வரைபடத்தை உளவாளி கொடுத்திருந்தான். போலீஸ் தொண்ணூறுக்கு மேல் சுட்டது. உள்ளிருந்து போனது ஒரே ஒரு குண்டு. ஏழை வெள்ளையரையும் புவேர்ட்டோ ரிக்கோ இளைஞரையும் ஒரே மேசைக்கு அழைத்துவந்தவர் அவர். இந்த இழப்புக்கு எந்தச் சமாதானமும் இல்லை.

ஆனால் 1969 மே மாதம் நியூ ஹேவனில் ஒரு பத்தொன்பது வயதுப் பையனை உளவாளி என்று சந்தேகித்துச் சித்திரவதை செய்து கொன்றவர்கள் சிறுத்தைகளே. பொய்க் கடிதங்களை அனுப்பி நியூட்டனையும் கட்சியின் இன்னொரு தலைவரான எல்ட்ரிட்ஜ் கிளீவரையும் மோதவிட்டது எஃப்.பி.ஐ. என்றால், அந்தக் கடிதங்கள் பலிக்கும் அளவுக்கு இருவரின் அகந்தையும் வளர்ந்திருந்தது.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் 1972. பாபி சீல் ஓக்லாந்து மேயர் தேர்தலில் நிற்பதற்காக, மற்ற நகரங்களின் கிளைகளை மூடிவிட்டு எல்லோரும் ஓக்லாந்துக்கு வர வேண்டும் என்று தலைமை உத்தரவிட்டது. அந்தந்த ஊரில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர்கள், மருத்துவ முகாம் நடத்தியவர்கள் மூட்டை கட்டினார்கள். சீல் இரண்டாம் சுற்றில் தோற்றார். மூடிய கிளைகளில் பெரும்பாலானவை மூடியபடியே இருந்தன. விதைநெல்லை எடுத்து விருந்து வைத்த கதை.

அதே 1972இல்தான் மும்பையில் மராத்திக் கவிஞர் நாம்தேவ் தசாலும் நண்பர்களும் இவர்களைப் பார்த்துத் தலித் பேந்தர்ஸைத் தொடங்கினார்கள். அந்தப் பெயர் மதுரை வழியாகத் தமிழ்நாட்டு அரசியலுக்கும் வந்தது. பெயர் கடல் தாண்டி வந்த வேகத்தில் காலை உணவுத் திட்டத்தின் கதை வரவில்லை என்பது என் குறை.

1974இல் கொலைக் குற்றச்சாட்டுக்கு அஞ்சி நியூட்டன் கியூபாவுக்கு ஓடினார். அவர் இல்லாதபோது எலைன் பிரவுன் என்ற பெண் கட்சியை நடத்தினார். 1977இல் லயனல் வில்சன் ஓக்லாந்தின் முதல் கருப்பின மேயரானதில் அந்தக் கட்சியின் வாக்காளர் பணிக்குப் பங்கு உண்டு. கட்சிக்காக எரிக்கா ஹக்கின்ஸ் நடத்திய ஓக்லாந்து சமூகப் பள்ளியை மாநிலச் சட்டமன்றமே பாராட்டியது. அதே ஆண்டு நியூட்டன் திரும்பிவந்தார். பள்ளி நிர்வாகியாக இருந்த ஒரு பெண்ணைக் கட்சி ஆண்கள் அடித்துத் தாடையை உடைத்தார்கள். நியூட்டன் அவர்கள் பக்கம் நின்றார் என்று எழுதியிருக்கும் எலைன் பிரவுன், கட்சியை விட்டே போனார்.

பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதற்கு வந்த பொதுப் பணத்தில் கைவைத்த வழக்கில் 1989இல் நியூட்டனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. இத்தகைய இயக்கங்களைச் சிதைக்கத் தான் நடத்திய ரகசியத் திட்டத்தை எஃப்.பி.ஐ. 1971இலேயே முடித்துக்கொண்டதாக அறிவித்திருந்தது. பள்ளிக்குப் பூட்டுப் போட்டபோது ஹூவர் இறந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன.