பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

சனிக்கிழமை நாய்த் தீவனம் விற்கும் கடையில் நடந்ததை அன்றைக்கே எழுதிவிட்டேன், மறுபடி முழுதும் சொல்ல மனம் வரவில்லை. "சோத்தப் போட்டு வளர்க்கறதுக்கு எதுக்குங்கம்மா நாயி?" நாய்க்குச் சோறுதான் போடுகிறோம் என்ற அம்மாவிடம், தீவனப் பாக்கெட்டை நீட்டிக் கடைத் தம்பி கேட்ட அந்த ஒரு கேள்வி மட்டும் காதிலேயே நிற்கிறது. அம்மா கேட்கப் போனது உண்ணிக்கு மருந்து. அதற்கு இத்தனை பேர் முன்னால் இந்தப் பேச்சு.

சரி, அந்தத் தம்பி நீட்டிய பாக்கெட்டைப் பற்றியே பேசுவோம். முன்பக்கம் பொரித்த கோழி, கேரட், பட்டாணி. திருப்பிப் பார்த்தால் முதலில் இருப்பது தானியம், அதில் அரிசியும் உண்டு. அப்புறம்தான் கோழி, அதுவும் கழிவோடு சேர்த்து. அம்மா போட்டால் குற்றமான அரிசி, அரைத்து உருண்டையாக்கினால் ஊட்டச்சத்தா?

கோழி முதலில் இருக்கும் விலை கூடிய பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை வரிசையில் போடுவார்கள். பச்சைக் கோழியின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அமெரிக்காவில் 'வித் சிக்கன்' என்று பெயரில் போட 3% கோழி இருந்தாலே போதும். இங்கே 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் 'உணவு' என்பதிலிருந்து விலங்குத் தீவனத்தையே விலக்கி வைத்திருக்கிறது. உள்ளே சிவப்பு, பச்சை என்று உருண்டைகள் வேறு. நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அந்த நிறம் காசு கொடுக்கிற நமக்கு.

"அதில் புரதம் அளந்து போட்டிருக்கிறதே" என்பீர்கள். அளப்பது நைட்ரஜனை, அதிலிருந்துதான் புரதத்தைக் கணக்குப் போடுகிறார்கள். 2007இல் சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்தது இந்தக் கணக்கை ஏமாற்றத்தான். அமெரிக்காவில் நாயும் பூனையும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. மெனு ஃபுட்ஸ் என்ற ஒரே நிறுவனம் 6 கோடி டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. பல பிராண்டுகளின் பெயரில் விற்றதெல்லாம் அங்கே தயாரானதுதான்.

வெறும் சோறு போதாது, ஒப்புக்கொள்கிறேன். சுண்ணாம்புச் சத்து குறையும், குட்டிகளுக்கு இன்னும் ஆபத்து. டாக்டரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். பூனைக்கு டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் இதயமே கெடும். ஆனால் 1987இல் அதைக் கண்டுபிடித்தபோது அந்தப் பூனைகள் தின்றதும் கடைத் தீவனம்தான். "நாய் ஓநாய் வம்சம், மாவுச்சத்து சேராது" என்பவர்களுக்கு ஒரு வரி: அதைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம் என்று 2013லேயே ஆய்வு வந்துவிட்டது.

நேரமில்லாமல் பாக்கெட் வாங்குபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஊருக்குப் போகும்போது நானும் வாங்கியிருக்கிறேன். படத்தைக் காட்டி இன்னொருவரைக் கேவலமாகப் பேசாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

முன்பு வளர்த்த நாய் கருப்பன் எங்களோடு பதின்மூன்று வருடம் இருந்தான். அவனுக்கென்று தனிப் போசி. உப்பில்லை, வெங்காயம் இல்லை. கோழி ஈரலை வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து, ஆறிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துத்தான் வைப்பார் அம்மா. கடைசி வாரம் எழ முடியாமல் கிடந்தபோது அவர் ஊட்டியதை மட்டும்தான் தின்றான்.

நேற்று ராத்திரி அம்மா கேட்டார்: "கருப்பன நாஞ் சரியாப் பாக்கலையோ கண்ணு?"

அவன் போய் ஆறு வருடம் ஆகிறது. இத்தனை நாள் இல்லாத சந்தேகம். அந்தத் தம்பி இதைப் படித்தால், அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். வீட்டுக்கு வர வேண்டாம். நானே அம்மாவைக் கடைக்குக் கூட்டி வருகிறேன்.