அந்தக் காரின் சக்கரத்தில் இருந்தது பிளாஸ்டிக் பேரிங் இல்லை
ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் பிளாஸ்டிக் பேரிங் (சுழலும் பாகங்களைத் தாங்கும் உறுப்பு) தயாரிக்கும் இகுஸ் நிறுவனம் 2014-இல் ஒரு குட்டி ஆரஞ்சு காரை விளம்பரத்துக்காக நாடு நாடாக ஓட்டியது. அதன் பேரிங் எல்லாமே பிளாஸ்டிக், எஞ்சின், சக்கரம் உட்பட; ஆகவே இனி இரும்பு பேரிங்கே வேண்டாம் என்று ஒரு தகவல் சுற்றுகிறது.

பயணம் உண்மைதான். ஆனால் பிளாஸ்டிக் பேரிங் போட்டது கண்ணாடி ஏற்றி இறக்கும் அமைப்பு, வைப்பர், ஹேண்ட்பிரேக் மாதிரியான இடங்களில். அவை உருளும் பேரிங்கும் இல்லை; தண்டு உள்ளே உரசித் திரும்புகிற வளையம், அதாவது புஷ். எண்ணெய், கிரீஸ் இல்லாமலே ஓடுவதுதான் அதன் அருமை, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. சக்கரத்தின் கதை வேறு. காரின் எடையைத் தாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் வேகமாகச் சுற்ற வேண்டும்; பிரேக் சூடும் பக்கத்திலேயே. அங்கே எஃகுக் குண்டுகளோ உருளைகளோ உள்ள பேரிங்தான்.

சரிபார்க்க நினைத்தால், அந்தப் பயணம் பற்றி நிறுவனமே வெளியிட்ட குறிப்பில் எந்தெந்தப் பாகம் என்று போட்டிருக்கிறது, பாருங்கள். இல்லையா, தெரிந்த மெக்கானிக்கிடம் கழற்றிப் போட்ட பழைய வீல் பேரிங் ஒன்றைக் கேளுங்கள். கிரீஸைத் துடைத்தால் உள்ளே குண்டுகளோ உருளைகளோ பளபளக்கும். அவற்றை இடைவெளி விட்டுப் பிடித்திருக்கும் கூடு மட்டும் சிலவற்றில் பிளாஸ்டிக். குழப்பம் அதைப் பார்த்தும் வந்திருக்கலாம்.